மூன்று தரம் கூப்பிட்ட பிறகு

பேய்க்கு மூன்று வரை எண்ணத் தெரியாதாம். இதை றொசானாவுக்குச் சொன்னவர் அவளுடைய கிறகரி சித்தப்பா. சொன்னது பரவாயில்லை, சொன்ன இடம்தான் சரியில்லை.

மொன்றியலில் இருந்து வடக்கே காரில் போய்க்கொண்டே இருந்தால், முதலில் கடைகள் முடியும். பிறகு வீடுகள் முடியும். கடைசியில் கைபேசியில் சிக்னலும் முடிந்துபோகும். அதற்கும் அப்பால் ஓர் ஏரி. சுற்றிவரக் கறுத்த காடு. அக்கரையில் செங்குத்தான பாறை மலை. இந்தப் பக்கக் கரையில் ஒரு கூடாரம், அதன் முன்னால் ஒரு நெருப்பு. நெருப்பைச் சுற்றி அம்மா, பத்து வயது றொசானா, தம்பி டனிஸ்ரன், சித்தப்பா. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் அவர் வரவில்லை.

நாய்களை மறந்துவிட்டேனே! இரண்டு நாய்களும் வந்திருந்தன. மூத்தவன் பெயர் கச்சான். வறுத்த கச்சான் கடலையின் நிறம், மெத்தச் சோம்பேறி. இளையவள் பூட்டீன். உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் பாற்கட்டி போட்டு, சுடச்சுடக் குழம்பு ஊற்றித் தருவார்களே, அதன் பெயரும் பூட்டீன்தான். வீட்டுக்கு வந்த முதல் நாளே டனிஸ்ரனின் கையில் இருந்து அதைப் பறித்துத் தின்றவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பூட்டீனைத் தன்னுடைய பிள்ளை என்றுதான் றொசானா எல்லோருக்கும் சொல்வாள்.

"இருட்டின பிறகு ஆராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா, உடன ஓம் எண்டு சொல்லப்படாது," என்றார் சித்தப்பா. "மூண்டு தரம் கூப்பிட்டாத்தான் சொல்லலாம். பேய் ரெண்டு தரம் மட்டும்தான் கூப்பிடும்."

"ஏன், அதுக்கு மூண்டு தெரியாதோ?" என்று கேட்டாள் றொசானா.

"அது பள்ளிக்கூடம் போகேல்லைப் பிள்ளை."

"கார்டறிக்குக்கூடப் போகேல்லையோ?" என்றான் டனிஸ்ரன். அவன் இரண்டு வருடம் கார்டறி என்ற குழந்தைகள் காப்பகத்தில் விளையாடி, தூங்கி, எண்ணப் பழகியவன். பேயை நினைக்க அவனுக்குப் பாவமாக இருந்தது.

அம்மா சிரிக்கவில்லை. "உது பகிடி இல்லை. எங்கட பேசாலையிலும் அப்பிடித்தான் சொல்லுவினம். கடற்கரையில இருட்டினா, மூண்டாந்தரம் கூப்பிடும் வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

மன்னாரில் பேசாலை என்ற ஊரில், கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அம்மா. அவரே சொன்ன பிறகு றொசானாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா தேத்தண்ணி ஊற்றினார். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"அண்ணி, பால் இல்லையோ?"

"பாலை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்."

"பால் இல்லாத தேத்தண்ணி எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது. செலீனிட்ட ஒரு ஓட்டம் போயிட்டு வாறன்."

செலீன்தான் இந்தக் கூடார இடங்களைப் பார்த்துக்கொள்பவர். ஏரியின் அந்தத் தொங்கல் முனையில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. காட்டுக்குள்ளால் ஒரு நடைபாதை அங்கே போகும். சித்தப்பா எழும்பியதும் பூட்டீனும் துள்ளி எழும்பினாள்.

"பூட்டீனைக் கவனமாப் பாருங்கோ சித்தப்பா."

"ஓம், ஓம். நீ தேத்தண்ணியைச் சூடா வைச்சிரு."

குளிர்ச்சட்டையை ஒரு கிளையில் கொழுவி வைத்துவிட்டு, உள்ளே போட்டிருந்த சேட்டோடு மட்டும், விசிலடித்தபடி அவர் காட்டுப்பாதையில் நடந்தார். முதலில் பூட்டீனின் வெள்ளை வால் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் விசில் சத்தமும் மறைந்தது.

றொசானா ஏரிக்கரையைச் சுற்றிப்பார்க்கப் புறப்பட்டாள். தம்பியும் வந்தான். கச்சானைத் தள்ளித் தள்ளித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

"நெருப்புத் தெரியுற தூரத்துக்கு அங்கால போகக்கூடாது," என்றார் அம்மா.

சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. ஆனாலும் வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. கரையோரம் தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நின்றன. இலை இல்லை, பட்டை இல்லை, எல்லாம் வெள்ளை வெளேர் என்று. ஏரியில் ஓர் அலைகூட இல்லை. மொன்றியல்-நோர் பகுதியில் அவர்களுடைய வீட்டில் எப்போதும் ஏதாவது சத்தம் கேட்கும். மேல்வீட்டுக்காரர் கதிரை மேசை இழுப்பார், வெளியில் பஸ் உறுமும். இங்கே தன்னுடைய சப்பாத்துச் சத்தமே றொசானாவுக்குப் பெரிதாகக் கேட்டது.

ஈரமண்ணில் ஒரு பெரிய குளம்பு அடையாளம் இருந்தது. டனிஸ்ரன் தன் இரண்டு கைகளையும் அதற்குள் வைத்துப் பார்த்தான். இன்னும் இடம் மிச்சம்.

"இது என்ன?"

"மூஸ் மான் எண்டு நினைக்கிறன்."

"அது இப்ப எங்க நிக்குது?"

றொசானா காட்டைப் பார்த்தாள். காடும் அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. "வா, திரும்பிப் போவம்," என்றாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. "ஊ... ஊஊ... ஊ..." யாரோ நெஞ்சு வெடித்து அழுவது போன்ற நீளமான சத்தம். டனிஸ்ரன் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தான். கச்சான் காதை மடித்துக்கொண்டு மெல்ல உறுமினான்.

"பயப்பிடாதை. அது லூன். ஒரு டொலர் காசில இருக்குமே, அந்தப் பறவை," என்றாள் றொசானா. சொன்னாளே தவிர, அவளுடைய கால்கள் தாமாகவே வேகமாக நடந்தன.

நெருப்படிக்கு வந்தபோது சித்தப்பா இன்னும் வரவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. ஏரியில் இருந்து மூடுபனி எழும்பி, பட்ட மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கியது. கிளையில் தொங்கிய குளிர்ச்சட்டை, தலையில்லாத ஓர் ஆள் நிற்பதுபோல் தெரிந்தது. கதைத்தால் வாயில் இருந்து புகை வந்தது.

"அம்மா, சித்தப்பா சேட்டோட போனவர். குளிருமே."

"செலீனோட கதைச்சுக்கொண்டு நிப்பார். கதை கண்டால் அவர் விடமாட்டார்தானே."

ஆனால் அம்மா காட்டுப்பாதையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பூட்டீனுக்கும் குளிருமா, காட்டுக்குள் வழி தவறியிருப்பார்களா என்று றொசானாவின் மனம் அடித்துக்கொண்டது.

"றொசா... னா..."

எல்லோரும் அப்படியே உறைந்துபோனார்கள்.

கரகரத்த குரல். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. மூடுபனிக்குள் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்றும் தெரியவில்லை. முதலில் ஏரியின் நடுவில் இருந்து வந்தது. பிறகு, இன்னும் மெல்லியதாக, மலைப்பக்கம் இருந்து வந்தது. "...சா... னா..."

றொசானா வாயைத் திறந்தாள். அம்மா பாய்ந்து அவளுடைய வாயைப் பொத்தினார்.

"சொல்லாதை! ஓம் எண்டு சொல்லாதை!"

"சித்தப்பாவா இருந்தா?"

"அவர் போனது காட்டுப்பாதையில. குரல் வாறது தண்ணிப் பக்கத்தால. தண்ணிக்கு மேல ஆர் நிண்டு கூப்பிடுவினம்?"

கூடாரத்துக்குப் பின்னால் இருந்து இன்னொரு சத்தம் வந்தது.

டப். டப். டப்.

"ஆரோ தட்டுகினம்," என்றான் டனிஸ்ரன். அவனுடைய குரல் எலிக்குஞ்சின் குரல்போல் இருந்தது. அம்மா இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு, "அந்தோனியாரே, எங்களைக் காப்பாற்றும்," என்று முணுமுணுத்தார். தட்டும் சத்தம் நின்றது.

மறுபடியும் அந்தக் குரல். "றொசா... னா..."

"ரெண்டு," என்று எண்ணினான் டனிஸ்ரன்.

டப். டப். டப். டப்.

மூவரும் மூன்றாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். நெருப்பில் ஒரு விறகு சரிந்து விழுந்தது. ஏரி பேசாமல் கிடந்தது. மூன்றாவது கூப்பாடு வரவே இல்லை.

"கண்டியே? ரெண்டோட நிண்டிட்டுது," என்றார் அம்மா. அவருடைய கை ஐஸ்போல் குளிர்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மூடுபனி கொஞ்சம் விலகியது. தண்ணீரில் ஒரு வள்ளம் தெரிந்தது. ஒடுங்கிய, நீளமான, இந்தப் பக்கத்துக் கனூ வள்ளம். துடுப்புப் போட ஆள் இல்லை. உள்ளே ஒருவருமே இல்லை. அது தன்பாட்டில், சத்தமே இல்லாமல், அவர்களை நோக்கி மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

"மாதாவே!" அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "கூடாரத்துக்குள்ள போங்கோ ரெண்டு பேரும்!"

தூரத்தில் ஏதோ ஊளையிட்டது. டனிஸ்ரன் அழத் தொடங்கினான். "ஓநாய்!"

டப் டப் டப் டப் டப்!

இந்தத் தடவை தட்டும் சத்தம் மெத்த வேகமாக வந்தது. றொசானாவுக்கும் அழுகை வந்தது. ஆனால் கூடாரத்துக்குள் போனால் அவளுக்கும் அந்தத் தட்டும் சத்தத்துக்கும் இடையில் ஒரு துணி மட்டும்தான் இருக்கும். ஆகவே அது என்னவென்று பார்த்துவிடுவதுதான் நல்லது என்று அவள் நினைத்தாள். டோர்ச்சை எடுத்துக் கூடாரத்துக்குப் பின்னால் அடித்தாள்.

அங்கே கச்சான் படுத்திருந்தான். மூக்கு ஏரியைப் பார்த்தபடி இருந்தது. அவனுக்குப் பின்னால் மத்தியானம் சோறு வடித்த வெறும் சட்டி கிடந்தது. கச்சான் வாலை ஆட்ட, அது சட்டியில் பட்டு டப், டப் என்று அடித்தது.

"சீ, நீயா?" என்றாள் றொசானா. பயமெல்லாம் போய்க் கோபம் வந்தது. கோபமும் போய், அவள் அப்படியே நின்று யோசித்தாள்.

லூன் அழுதபோது கச்சான் உறுமினான், வாலை ஆட்டவில்லை. தபால்காரருக்கு அவன் வாலை ஆட்டமாட்டான். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆட்டமாட்டான். சோறு போடுகிறவர்களுக்கும் பூட்டீனுக்கும் மட்டும்தான் ஆட்டுவான். அந்தக் குரல் வரும்போதெல்லாம் ஆட்டினான். ஊளைக்கு இன்னும் வேகமாக ஆட்டினான்.

"அம்மா! கச்சான் பேய்க்கு வாலாட்டுவானோ?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"வாலாட்டினவன் அம்மா! குரலுக்கும் ஆட்டினவன், ஊளைக்கும் ஆட்டினவன். அது பேயும் இல்லை, ஓநாயும் இல்லை. அது சித்தப்பாவும் பூட்டீனும்!"

றொசானா அம்மாவின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள். நெஞ்சு நிறைய மூச்சு எடுத்தாள்.

"ஓம்!" என்று கத்தினாள். "ஓம், சித்தப்பா!"

பதில் இல்லை.

மூடுபனி அசையாமல் நின்றது. எதுவுமே வரவில்லை. பின்னால் அம்மா, "றொசானா, வா இஞ்ச," என்று மெல்லக் கூப்பிட்டார். தப்பாக நினைத்துவிட்டோமோ என்று றொசானா ஓர் அடி பின்னால் வைத்தாள். பேய்க்குப் பதில் சொல்லிவிட்டேனோ?

உடனே இன்னொரு யோசனை வந்தது. இருட்டுக்குள் தன் பெயரைக் கேட்டு அவள் ஏன் பேசாமல் நின்றாள்? அந்தச் சட்டத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே சித்தப்பாதானே! அங்கே இருக்கிறவரும் அவர்தான் என்றால்...

"சித்தப்பா!" என்று கூப்பிட்டாள். நிறுத்தினாள்.

"சித்தப்பா!"

அம்மாவும் தம்பியும் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். டனிஸ்ரன் மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டினான்.

"சித்... தப்... பா!"

பிறகு ஏரியின் நடுவில் இருந்து, நடுங்கி நடுங்கி, ஒரு குரல் வந்தது.

"ஓம்... பிள்ளை... ஓம்!"

கூடவே, "வவ்! வவ்!" என்று பூட்டீனின் குரலும் வந்தது.

றொசானா சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் செய்தாள்.

"எங்க நிக்கிறாய் கிறகரி?" என்று அம்மா கத்தினார்.

"ஏரிக்குள்ள ஒரு தீவு இருக்கு, அதில, அண்ணி! வள்ளம் போயிட்டுது! குளிருது!"

இதற்குள் அந்த ஆளில்லா வள்ளம் கரையோரக் கல்லில் வந்து மெல்ல முட்டியது. றொசானா டோர்ச்சை அடித்தாள். உள்ளே இரண்டு துடுப்புகள், இரண்டு மிதவைச் சட்டைகள், ஒரு பால் பை.

அம்மா காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்தார். தண்ணீருக்குள் இறங்கினார். ஒரு கையால் வள்ளத்தைப் பிடித்து இழுத்தார்.

"அம்மா, உங்களுக்குப் பயம் இல்லையோ?"

"தண்ணிக்கோ?" அம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். "நான் பேசாலைக்காரியடி. பேய்க்குத்தான் பயம். தண்ணிக்கு ஆரும் பயப்பிடுவினமே?"

அம்மா மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டார். கிளையில் தொங்கிய குளிர்ச்சட்டையை எடுத்து வள்ளத்துக்குள் போட்டார்.

"நீ இதிலயே நில். தம்பியின்ர கையை விடாதை. டோர்ச்சை உயரத் தூக்கிப் பிடி. எனக்குப் பனிக்குள்ள வழி தெரியாது, நான் கூப்பிடக் கூப்பிட நீ ஓம் எண்டு சொல்லிக்கொண்டிரு."

"எத்தினையாவது தரம் சொல்லுறது?"

"முதல் தரமே சொல்லு!"

அம்மா துடுப்பை இரண்டு தடவைதான் போட்டிருப்பார், வள்ளம் பனிக்குள் மறைந்துவிட்டது. சளக், சளக் என்ற சத்தம் மட்டும் கேட்டது. கச்சான் வந்து றொசானாவின் காலில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"றொசானா!"

"ஓம், அம்மா!"

"றொசானா!"

"ஓம்!"

அவளுடைய கை வலித்தது. டோர்ச்சை இறக்கவில்லை. கறுத்த தண்ணீரைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை ஓம் என்று சொல்லும்போதும் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. டனிஸ்ரனும் சேர்ந்து கத்தினான். மலையும் சேர்ந்து, "...ஓம்... ஓம்..." என்றது.

முதலில் அவளுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளை வால். வள்ளம் கரையைத் தொட முன்பே பூட்டீன் பாய்ந்து வந்து, ஈரக் காலோடு றொசானாவின் மேல் ஏறி, முகம் முழுக்க நக்கினாள். றொசானா அவளை விடவே இல்லை.

சித்தப்பாவின் பல் கடகடவென்று அடித்தது. நெருப்புக்குப் பக்கத்தில் போர்வையால் சுற்றி உட்கார வைத்த பிறகுதான் கதை வெளியே வந்தது. நடந்து வரப் பஞ்சியாக, சோம்பலாக இருந்ததால் செலீனிடம் வள்ளத்தைக் கேட்டிருக்கிறார். வழியில் தீவில் காட்டு புளூபெரிப் பழங்களைக் கண்டிருக்கிறார். வள்ளத்தைக் கட்டாமல் இறங்கியிருக்கிறார். அவருடைய நாக்கு இப்போதும் ஊதா நிறமாக இருந்தது.

"சரி, ஏன் மூண்டாந்தரம் கூப்பிடேல்லை?" என்று கேட்டார் அம்மா.

சித்தப்பா நெருப்பைப் பார்த்தார். "நான் றொசானா எண்டு கூப்பிட்டன். எனக்குப் பின்னால, மலையில இருந்து ஆரோ என்ர குரலிலயே றொசானா எண்டு கூப்பிட்டினம். ரெண்டாந்தரமும் அப்பிடியே. பிறகு எனக்கு வாய் எழும்பேல்லை."

"அது எதிரொலி, சித்தப்பா," என்றாள் றொசானா. "நாங்கள் நாலாம் வகுப்பிலயே படிச்சிட்டம்."

"பேயும் சித்தப்பாவும்தான் பள்ளிக்கூடம் போகேல்லை," என்றான் டனிஸ்ரன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, தேத்தண்ணி முழுக்கப் போர்வையில் ஊற்றுப்பட்டது. அம்மா புதிதாக ஊற்றினார், நிறையப் பால் விட்டு. ஏரியில் லூன் மறுபடியும் நீளமாக அழுதது. அந்தச் சத்தம் இன்னும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு நாய்கள் சூடாகப் படுத்திருக்கும்போது, அந்தப் பயம்கூட றொசானாவுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மொன்றியல்-நோர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஊத்தைப் பாத்திரங்கள் குசினியில் மலையாகக் குவிந்து கிடந்தன.

"றொசானா! கோப்பை கழுவ வா!"

றொசானா கட்டிலுக்குப் பின்னால் கச்சானோடு ஒளிந்திருந்தாள். பேசவில்லை.

"றொசானா!"

இரண்டு. இன்னும் ஒன்று இருக்கிறதே என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாவது கூப்பாடு வரவில்லை. அறை வாசலில் அம்மாவின் காலடிச் சத்தம்தான் வந்தது. அதைக் கேட்டதும் கச்சானின் வால் சுவரில் டப், டப், டப் என்று அடித்தது.